கரிசலும் முரம்பும்: நாசிக் திராட்சைத் தோட்டத்தில் மண்ணை ஒயின் வரை தொடர்ந்து பார்க்கும் முறை

நாசிக் வட்டாரத்தில் ஒரே தோட்டத்துக்குள் இரண்டு மண் இருப்பது சாதாரணம். ஓடைப் பக்கம் இறங்கினால் ஆள் ஆழத்துக்குக் கரிசல். மேட்டுக்கு ஏறினால் ஒன்றரை அடிக்குள் கடப்பாரை 'டங்' என்று நிற்கும். அங்கே இருப்பது பாதி மக்கிய பசால்ட் பாறை. மராத்தியில் அதற்கு முரூம் என்று பெயர். பருக்கைக்கல் மேட்டைக் குறிக்கத் தமிழில் முரம்பு என்ற பழைய சொல் இருப்பதால் இங்கே அதையே எழுதலாம்.

இரண்டு மண்ணும் ஒரே பாறையின் பிள்ளைகள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த தக்காண எரிமலைக் குழம்புதான் இரண்டுக்கும் தாய். மேட்டில் பாதி மக்கியது அப்படியே நிற்கிறது. நன்றாக மக்கி, மழையில் அடித்து வரப்பட்டது பள்ளத்தில் படிந்து கரிசலாகியிருக்கிறது. ஆகவே இந்த இரண்டு துண்டு நிலத்தில் விளைந்த ஒயின்கள் வேறுபட்டால், "பாறையின் சுவை ஒயினில் இறங்கியது" என்று சொல்ல முடியாது. பாறை ஒன்றுதான். வேறுபடுவது மண்ணின் ஆழம், களியின் அளவு, நீரைப் பிடித்து வைக்கும் திறன், பொட்டாசியம் இருப்பு ஆகியவை. மண் ஒயினை எப்படி மாற்றுகிறது என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. கீழே உள்ளது ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சை ரகத்தை வைத்து அக்டோபர் கவாத்து முதல் ஒயின் சுவைப்பு வரை செய்ய வேண்டிய வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மகாராஷ்டிரத்தில் உரிமம் இல்லாமல் ஒயின் புளிக்க வைப்பது சட்டப்படி குற்றம். சோதனை அளவாக இருந்தாலும் நொதிக்கும் வேலையை உரிமம் பெற்ற ஒயினரிக்குள் தான் செய்ய வேண்டும்.

வரிசைகளைத் தேர்ந்தெடுப்பது

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். மண்ணைத் தவிர மற்ற எல்லாமே இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரகம், நட்ட ஆண்டு, இடைவெளி, பந்தல் முறை ஆகியவை எல்லோர் கண்ணிலும் படும். தவறவிடுவது வேர்ச்செடியை, அதாவது ரகத்தை ஒட்டுக்கட்ட அடியில் வைக்கும் செடியை. மேட்டில் 110 ஆர், பள்ளத்தில் டாக்ரிட்ஜ் என்று வெவ்வேறு வேர்ச்செடி வகைகளை நட்டிருந்தால் அந்த ஒப்பீட்டை அப்போதே கைவிடுங்கள். டாக்ரிட்ஜ் வறட்சியையும் உப்பையும் தாங்கும், கொடியை வேகமாக வளர்க்கும், கூடவே பொட்டாசியத்தை அதிகம் இழுக்கும். பழச்சாற்றின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் ஏறினால் அமிலத்தன்மை குறைவு) உயர்வதற்கு அது ஒன்றே போதும். கடைசியில் மண்ணின் வேலையையும் வேர்ச்செடியின் வேலையையும் பிரிக்கவே முடியாது.

இரண்டாவது எதிரி இலைச்சுருள் வைரஸ். சிவப்பு ரகங்களில் அறுவடை நெருங்கும்போது இலையின் ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற பகுதி சிவந்துபோகும். இப்படிப்பட்ட கொடியில் சர்க்கரை தாமதமாக ஏறும், நிறமும் குறையும். பார்ப்பவர் பழியை மண்மேல் போடுவார். முந்தின ஆண்டு அறுவடைக்கு முன்பே வரிசை வரிசையாக நடந்து, அறிகுறி உள்ள கொடிகளுக்குச் சாயம் பூசி ஒதுக்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு மண்ணிலும் 20 நல்ல கொடிகள் போதும். காய் பிடித்ததும் எல்லாக் கொடியிலும் ஒரே எண்ணிக்கையில் கொத்துகளை விட்டு மற்றதை வெட்டுங்கள். இரண்டு இடத்திலும் கொத்து உயரத்தில், நிழலில், ஒரு வெப்பப் பதிவுக் கருவியைத் தொங்கவிட வேண்டும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். அதைப் பதிவு செய்யாவிட்டால் குளிரின் வேலையும் மண்ணின் கணக்கில் சேர்ந்துவிடும்.

குழி

மண் மாதிரியைத் துளைக்கருவியால் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் எண்கள் வரும். ஆனால் வேர் எங்கே நின்றது என்று அந்த எண்கள் சொல்லாது. குழி தோண்டித்தான் தீர வேண்டும்.

மழை ஓய்ந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் தோண்டுவது நல்லது. மே மாதக் கரிசல் இரும்பு. ஆகஸ்ட் கரிசல் மண்வெட்டியை விடாது. நீளம் 1.5 மீட்டர், அகலம் 1 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர். கொடியின் அடித்தண்டிலிருந்து 40 முதல் 50 செ.மீ. தள்ளி, ஒரு சுவர் வரிசைக்கு இணையாக இருக்கும்படி வெட்டுங்கள். மேல் மண்ணை ஒரு தார்ப்பாயிலும் அடி மண்ணை இன்னொன்றிலும் போட்டால்தான் மூடும்போது அதே வரிசையில் திருப்பிப் போட முடியும். 1.2 மீட்டருக்குக் கீழே போவதாக இருந்தால் சுவரைப் படியாக வெட்ட வேண்டும். ஈரக் கரிசலின் சுவர் வழுக்கிக்கொண்டு ஒரே பாளமாக விழும். தனி ஆளாகக் குழிக்குள் இறங்கக் கூடாது.

ஜேசிபி தேய்த்த சுவரில் எதுவும் தெரியாது. பிச்சுவா அல்லது பழைய திருப்புளியால் அந்தப் பக்கத்தை 3 செ.மீ. ஆழத்துக்குக் குத்திப் பெயர்த்தால் உண்மையான அடுக்கு வெளிப்படும். பிறகு 10 செ.மீ. கட்டங்களாக நூல் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள வேர்களை இரண்டு வகையாக எண்ணுங்கள்: 2 மி.மீ.க்குக் குறைந்தவை, அதற்கு மேற்பட்டவை. கரிசலில் வெடிப்பு முகங்களை ஒட்டி வேர் தட்டையாக அமுங்கி ஓடியிருக்கும். சில சுவர்களில் களி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பளபளப்பாகத் தெரியும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் ஸ்மெக்டைட் களியின் முத்திரை அது. முரம்பில் வேர் பாறை இடுக்கைத் தேடிப் போயிருக்கும். அந்த இடுக்குகள் எவ்வளவு ஆழம் போகின்றன என்பதே அந்த மண்ணின் முக்கியமான தகவல்.

கையிலேயே செய்யும் சோதனைகள்

களியின் அளவை விரல் சொல்லிவிடும். ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துப் புட்டுமாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே நாடாவாக நெட்டித் தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் வண்டல் வகை. 2.5 முதல் 5 செ.மீ. வரை நீண்டால் களி வண்டல். 5 செ.மீ.யைத் தாண்டினால் களி. கரிசலில் அது தாண்டியே தீரும். அவசரத்தில் அரைகுறையாக நனைத்தால் கரிசலும் குருணையாக உதிர்ந்து ஏமாற்றும். ஐந்து நிமிடமாவது பிசைய வேண்டும்.

சுண்ணாம்புக்கு, 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கை இரண்டு பங்கு தண்ணீரில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழிச் சுவரில் அடுக்கடுக்காக ஒரு சொட்டு விட்டால் எங்கே நுரைக்கிறது என்று தெரியும். சுக்கான் (சுண்ணாம்புக் கல்) உருண்டை மேல் விட்டால் நுரைக்கத்தான் செய்யும். உருண்டைக்கு இடையில் உள்ள பொடி மண் நுரைக்கிறதா என்பதே கேள்வி. பொடியாகக் கலந்த சுண்ணாம்புதான் இரும்புச் சத்தை வேருக்கு எட்டாமல் செய்து இளம் இலையை வெளுக்க வைக்கும்.

பி.எச். பார்க்க 20 கிராம் மண், 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அரை மணி நேரம். பரிமாற்றப் பொட்டாசியத்துக்கு (களியில் ஒட்டியிருந்து வேருக்குக் கிடைக்கக்கூடியது) மட்டும் ஆய்வகம் வேண்டும். அம்மோனியம் அசிடேட் முறையில் பார்க்கச் சொல்லுங்கள். இலைக்காம்புச் சோதனையும் சேர்த்துச் செய்தால்தான் மண்ணில் இருப்பது கொடிக்குள் போனதா என்று புரியும். பழக் கவாத்துக்கு (அக்டோபர் கவாத்து) பிறகு முழுப் பூப்பில், பூங்கொத்துக்கு எதிரே உள்ள இலையின் காம்பை எடுப்பது வழக்கம். புனே மாஞ்ச்ரியில் உள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையத்தின் அளவுகோல்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை.

முரம்பில் கல்லின் பங்கைக் கண்டுபிடிப்பது சற்று மெனக்கெடும் வேலை. தரையில் வாளி அளவுக் குழி தோண்டி, எடுத்த அத்தனையையும் சாக்கில் சேருங்கள். குழிக்குள் மெல்லிய பாலித்தீன் விரித்து, விளிம்பு வரை தண்ணீரை அளந்து ஊற்றினால் குழியின் கன அளவு கிடைக்கும். எடுத்த மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, நிற்கும் கல்லை ஒரு மணி நேரம் ஊற வைத்து, மேல் ஈரம் துடைத்து, அளவு குறித்த வாளித் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் ஏறும் அளவே கல்லின் கன அளவு. குழி 6 லிட்டர், கல் 3 லிட்டர் என்றால் பாதி கல். சல்லடையில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. மக்கிய பசால்ட் துண்டு நொறுங்கி மண்ணாகக் கணக்கில் ஏறிவிடும்.

கொடிக்குக் கிடைக்கும் நீர்

இந்த முழு வேலையிலும் ஒரே ஒரு எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் இதை எடுங்கள். வேர் போகும் ஆழம், மண்ணின் நீர் பிடிப்பு, கல் போக மீதி ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும்.

கரிசல்: வேர் ஆழம் 1 மீட்டர், களியில் மீட்டருக்குச் சுமார் 170 மி.மீ. கிடைக்கும் நீர், கல் இல்லை. ஆக 170 மி.மீ. முரம்பு: ஆழம் 45 செ.மீ., பொடி மண்ணில் மீட்டருக்கு 120 மி.மீ., அதாவது 54 மி.மீ. அதில் பாதி கல் என்பதால் 27 மி.மீ. கொடியின் ஒரு நாள் செலவை 3 மி.மீ. என்று வைத்தால் கரிசலின் இருப்பு 56 நாள், முரம்பின் இருப்பு 9 நாள். பருவமழை அக்டோபர் தொடக்கத்தில் ஓய்ந்தால், முரம்பில் உள்ள கொடி அக்டோபர் பாதியிலேயே தாகத்தை அறிந்துவிடும். கரிசலில் உள்ளது நவம்பர் கடைசி வரை மழைக்கால நீரைக் குடித்துக்கொண்டிருக்கும். மக்கிய கல்லும் கொஞ்சம் ஈரம் வைத்திருக்கும், இடுக்கில் இறங்கிய வேருக்கும் ஏதாவது கிடைக்கும். அதனால் முரம்பின் உண்மையான இருப்பு 27-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் இடைவெளி பெரிது.

பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோவில் ஆய்வாளர் ஜெரார் செகன் பல ஆண்டுகள் மண் பார்த்துச் சொன்னதும் இதுதான்: நல்ல ஒயின் தரும் மண்களுக்குள் வேதியியல் ஒற்றுமை கிடையாது, கொடிக்கு நீரை அளவாகக் கொடுக்கும் விதத்தில்தான் ஒற்றுமை. 2004-இல் வெளியான வான் லேவன் குழுவின் ஆய்வு போர்தோவைச் சேர்ந்த சாந்தெமிலியோனில் சரளை, களி அடிமண், நிலத்தடி நீர் எட்டும் மணல் ஆகிய மூன்று மண்களில் மூன்று ரகங்களை ஐந்து ஆண்டுகள் பார்த்தது. மண்ணும் பருவமும் ஒயினை மாற்றுவது பெரும்பாலும் கொடியின் நீர் நிலை வழியாகத்தான் என்ற முடிவுக்கே அதுவும் வந்தது.

நாசிக்கில் ஒரு சிக்கல் உண்டு: சொட்டுநீர். இரு பக்கமும் அவரவர் தேவைக்கேற்ப நீர் விட்டால் மண்ணின் வேறுபாடு பாதி அழிந்துபோகும். சொட்டுநீரை அடியோடு நிறுத்தினால் முரம்புக் கொடி ஜனவரியில் இலையைக் கொட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. காய் நிறம் திரும்பும் வரை தேவைக்கேற்ப விடுங்கள். நிறம் திரும்பியதிலிருந்து இரு பக்கமும் ஒரே லிட்டர் கணக்கு. 2.7 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் ஒரு கொடிக்குச் சுமார் 4 சதுர மீட்டர் வரும். 3 மி.மீ. என்பது அங்கே நாளுக்கு 12 லிட்டர். அதில் பாதியை, 6 லிட்டரை, இரு பக்கமும் கொடுத்துவிட்டுக் கொடியைக் கவனிக்க வேண்டும்.

கவனிக்க, இலைக்குள் நீர் எவ்வளவு இழுவையில் இருக்கிறது என்று காட்டும் அழுத்தக் கலம் சிறந்தது. இலையை வெள்ளி நிறத் தாள் உறையில் ஒரு மணி நேரம் மூடி வைத்து, பகல் 12-க்கும் 2-க்கும் இடையில் வெட்டி அளவெடுங்கள். மைனஸ் 0.6 மெகாபாஸ்கலுக்கு மேலே இருந்தால் கொடிக்குத் தாகமே இல்லை. மைனஸ் 0.9 முதல் 1.1 வரை சிவப்பு ஒயினுக்கு விரும்பத்தக்க இடம். மைனஸ் 1.4-க்குக் கீழே போனால் ஒளிச்சேர்க்கை முடங்கும், பழம் பழுக்காமல் வதங்கும். அங்கே சோதனையைப் பார்க்காமல் தண்ணீர் விடுங்கள். கருவி இல்லாதவர்கள் கொடி நுனியைப் பார்க்கலாம். பற்றுச்சுருள் நுனியைத் தாண்டி நீண்டிருந்தால் கொடி வளர்கிறது. நுனி காய்ந்து உதிர்ந்திருந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது. ஒவ்வொரு வாரமும் 50 நுனிகளை எண்ணி எழுதுங்கள். நிறம் திரும்பும் நேரத்தில் முரம்பில் பெரும்பாலான நுனிகள் நின்றிருக்கும். கரிசலில் பாதியாவது ஓடிக்கொண்டிருந்தால் இலைக்கும் பழத்துக்கும் சர்க்கரைப் போட்டி நடக்கிறது என்று பொருள்.

அறுவடையும் நொதித்தலும்

ஒரே தேதியில் பறிப்பதா, ஒரே பிரிக்ஸில் (சாற்றின் சர்க்கரை அளவு) பறிப்பதா என்ற வாதம் எப்போதும் வரும். ஒரே பிரிக்ஸ்தான் சரி. 23-ஐ இலக்காக வைத்து 0.3 ஏறக்குறைய இருக்கலாம். சாராய அளவு வேறுபட்டால் சுவைப்பவர் நாக்கு அதையே பிடித்துக்கொள்ளும், மண் மறைந்துபோகும். முரம்பு முந்திக்கொண்டால் அந்த நாள் வித்தியாசத்தையும் ஒரு விடையாக எழுதி வையுங்கள்.

20 கொடியிலிருந்து கொடிக்குப் பத்து பழம், கொத்தின் தோளில் ஐந்து, அடியில் ஐந்து, வெயில் பக்கம் பாதி, நிழல் பக்கம் பாதி என எடுத்து 200 பழத்தை எடை போடுங்கள். கரிசல் பழம் 1.6 கிராம், முரம்புப் பழம் 1.2 கிராம் என்று வந்ததாக வைத்துக்கொண்டால், சாற்றுக்கு உள்ள தோலின் பங்கு முரம்பில் 10 சதவீதம்தான் கூடும். நிறம் அதைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மிதமான தாகம் தோலில் நிறமி உருவாவதையே தூண்டிவிடுகிறது. "சின்னப் பழம், அதனால் அடர்ந்த ஒயின்" என்ற விளக்கம் பாதி உண்மைதான்.

ஒரு மண்ணுக்கு மூன்று தொட்டி, தொட்டிக்கு 25 கிலோ. 50 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் பீப்பாய் போதும். மூன்று இல்லாமல் ஒன்றே வைத்தால், இரண்டு தொட்டிகளுக்கு இடையே இயல்பாக வரும் வேறுபாட்டை மண்ணின் வேறுபாடாகப் படித்துவிடுவோம். காம்பு நீக்கி நசுக்கியதும் தொட்டிக்கு 2.2 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். இது கிலோவுக்கு 50 மி.கி. கந்தக டைஆக்சைடு தரும். ஈஸ்ட் 6 கிராம், 60 மி.லி. தண்ணீரில் 38 டிகிரியில் 20 நிமிடம் ஊறட்டும். குளிர்ந்த சாற்றில் நேரே கொட்டினால் ஈஸ்ட் அதிர்ச்சியில் சுருண்டுவிடும். வெப்ப வேறுபாடு 10 டிகிரிக்குள் வரும்வரை சிறிது சிறிதாகச் சாறு சேர்த்து ஆற்றிய பிறகே ஊற்றுங்கள்.

ஈஸ்ட் உண்ணும் நைட்ரஜனை அளக்காமல் விடாதீர்கள். குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அதன்பின் மண்ணைப் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சாது. மண்ணுக்கு மண் நைட்ரஜன் மாறுவதும் ஒரு விடைதான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மண்ணின் சாற்றிலும் நைட்ரஜனை லிட்டருக்கு 200 மி.கி.க்கு உயர்த்துங்கள். 120 இருந்தால் 80 வேண்டும். டைஅம்மோனியம் பாஸ்பேட்டில் 21 சதவீதம் நைட்ரஜன். லிட்டருக்கு 0.38 கிராம், தொட்டிக்கு 9.5 கிராம். ஈஸ்ட் போட்ட மறுநாள் பாதி, பிரிக்ஸ் 15-க்கு இறங்கியதும் மீதி.

நாளுக்கு மூன்று முறை தோல் மூடியை அமுக்கிவிட வேண்டும். வெப்பம் 25 முதல் 28 டிகிரி. எட்டாம் நாள் எல்லாத் தொட்டியையும் ஒரே அளவு அழுத்தத்தில் பிழியுங்கள். ஓக் மரம் வேண்டவே வேண்டாம். கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக்கும் மாலோலாக்டிக் பாக்டீரியாவை எல்லாவற்றிலும் ஒரே நாளில் போட்டு, காகித நிறப்பிரிகைச் சோதனையில் மாலிக் அமிலத்தின் புள்ளி மறையும்வரை காத்திருங்கள்.

பொட்டாசியம் காட்டும் வேலை

கரிசலின் கையெழுத்து பெரும்பாலும் இங்கேதான் தெரியும். பழத்துக்குள் ஏறும் பொட்டாசியம் அமிலத்தின் ஹைட்ரஜனுக்குப் பதிலாக உட்கார்ந்துகொள்கிறது, பி.எச். ஏறுகிறது. நொதிக்கும்போது சாராயம் கூடக் கூட, பொட்டாசியம் பைடார்டரேட் கரையாமல் படிகமாகப் பீப்பாயின் சுவரில் ஒட்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பி.எச். சுமார் 3.65-க்குக் கீழே இருக்கும்போது இந்தப் படிகம் விழுந்தால் பி.எச். இன்னும் இறங்கும். அதற்கு மேலே இருக்கும்போது விழுந்தால் பி.எச். இன்னும் ஏறும். எனவே 3.5-இல் தொடங்கிய தொட்டியும் 3.8-இல் தொடங்கிய தொட்டியும் நாள் போகப் போக விலகிக்கொண்டே போகும். தொடக்கத்தில் சிறிதாக இருந்த மண் வேறுபாடு பீப்பாய்க்குள் பெரிதாவது இப்படித்தான்.

பாதுகாப்பு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. நுண்ணுயிரைத் தடுக்கப் பி.எச். 3.4-இல் லிட்டருக்கு 20 மி.கி. தனிக் கந்தக டைஆக்சைடு (வேறு பொருளோடு பிணையாமல் நிற்பது) போதும். 3.8-இல் அதே பலனுக்குச் சுமார் 50 மி.கி. வேண்டும். சாறு 3.8-ஐத் தாண்டினால் டார்டாரிக் அமிலம் சேர்த்துத்தான் ஆக வேண்டும். லிட்டருக்கு 1 கிராம், ஏறக்குறைய 0.1 இறக்கும். ஆனால் கரிசல் தொட்டிக்கு மட்டும் சேர்த்தால் ஒப்பீடு போயிற்று. இரு பக்கத்துக்கும் ஒரே அளவு சேர்த்து, சேர்ப்பதற்கு முன் எடுத்த எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள்.

சுவைப்பு

மூன்று கண்ணாடி, இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. எது தனி என்று கேளுங்கள். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி. 12 பேரில் 8 பேர் சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்டு என்று ஏற்கலாம். ஏழு பேர் சொன்னால் எண்ணிக்கை போதவில்லை. 24 பேர் என்றால் 13 வேண்டும். ஷிராஸில் மிளகு மணம் தரும் ரொட்டண்டோன் என்ற பொருளை ஐந்தில் ஒருவரால் முகரவே முடியாது. அதனால் ஆள் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. அந்த மணம் நிழலும் குளிர்ச்சியும் உள்ள கொத்தில் கூடும். அடர்ந்த கரிசல் பந்தலில் அது முரம்பைவிடத் தூக்கலாக வரக்கூடும். கரிசல் என்றாலே மட்டம் என்று முடிவு கட்டிவிட்டு வரக் கூடாது.

முன்பே சுவைப்பவர்களிடம் எந்த மண் என்று சொல்லிவிட்டால் "கல்லின் சுவை", "கனிமத் தன்மை" என்று பேச ஆரம்பிப்பார்கள். புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் பல ஆண்டுகளாக வலியுறுத்துவது சரியானது: பாறைக்குச் சுவையில்லை, வேர் அதைக் கரைத்துப் பழத்துக்கு அனுப்புவதும் இல்லை. பிரான்சின் வெள்ளை ஒயின் ஊரான ஷாப்லியின் சுண்ணாம்பு மண்ணில் சிப்பிப் புதைபடிவங்கள் இருப்பது உண்மை, அந்த ஒயினில் சிப்பியின் சுவை வருவது அவற்றிலிருந்து அல்ல. ஒயினில் பொட்டாசியம் இருக்கிறது, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம். அது வேலை செய்வது அமிலத்தின் மேல், நாக்கில் கல்லாக அல்ல.

வேறுபாடு உறுதியானால், பின்னோக்கிப் படியுங்கள். நிறமும் துவர்ப்பும் முரம்பில் கூடி, நுனி எண்ணிக்கையும் இலை அழுத்தமும் அதே திசையில் இருந்தால் காரணம் நீர். பி.எச். மட்டும் விலகி, இலைக்காம்பில் பொட்டாசியம் உயர்ந்திருந்தால் காரணம் அது. இரவு வெப்பப் பதிவில் பள்ளம் தெளிவாகக் குளிர்ந்திருந்தால் மண்ணின் பங்கைக் குறைத்தே சொல்ல வேண்டும். ஒரே பருவத்தில் முடிவு சொல்ல முடியாது. மழை தாமதமாக ஓய்ந்த ஆண்டில் முரம்பும் கரிசல்போல் நடந்துகொள்ளும். அதே 40 கொடிகளில், அதே லிட்டர் கணக்கில், குறைந்தது மூன்று பருவம் ஓட்டுங்கள். குழியை மட்டும் மறுபடி தோண்ட வேண்டாம்.